உடலே உலை: தாவோ ஞானியர் கண்ட அக ரசவாதம்

சீனத்தின் கிழக்குப் பகுதியில் தியான்தாய் என்னும் மலைநாடு உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் மரபினர் ஆண்ட காலத்தில், அந்நாட்டைச் சேர்ந்த ஜாங் போதுவான் என்பவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி வந்தார். வழக்கு ஏடுகளை எழுதுவதும் அவற்றைக் காப்பதும் அவர் பணி. அவரைப் பற்றிச் சீன மரபில் வழங்கிவரும் வரலாறு ஒன்று, கேட்போர் நெஞ்சை நடுங்க வைப்பது.

ஜாங்குக்கு மீன் உணவில் விருப்பம் மிகுதி. ஒரு நாள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு அவருக்கான உணவு வந்தது. உடன் பணியாற்றியோர் விளையாட்டாக மீனை மட்டும் எடுத்துக் கூரையின் உத்தரத்தின் மேல் ஒளித்து வைத்தனர். உணவில் மீன் இல்லாததைக் கண்டவர், பணிப்பெண் திருடித் தின்றுவிட்டாள் என்று தாமாகவே முடிவு கட்டினார். வீடு திரும்பியதும் அவளை அடித்தார். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்க இயலாத அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நாட்கள் சில சென்றன. அலுவலகத்தில் அமர்ந்திருந்த ஜாங்கின் முன்னே உத்தரத்திலிருந்து புழுக்கள் உதிர்ந்தன. ஏறிப் பார்த்தபோது, அழுகிய மீன் அங்கே கிடந்தது.

தலை கவிழ்ந்தவரின் கண்ணில் பட்டவை, தாம் பல ஆண்டுகளாக எழுதி அடுக்கிய வழக்கு ஏடுகள். இந்த ஏடுகளுக்குள் இன்னும் எத்தனை மீன்கள் ஒளிந்து கிடக்கின்றனவோ, தம் எழுத்தால் குற்றமற்றோர் எத்தனை பேர் தண்டனை அடைந்தனரோ என்று அவர் உள்ளம் கலங்கியது. ஏடுகளை எல்லாம் தீயிலிட்டார். அரசு ஆவணங்களை எரித்த குற்றத்துக்காகத் தென் எல்லைப் பகுதியான லிங்நானுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அந்த எழுத்தரே பிற்காலத்தில் தாவோ நெறியின் தலைசிறந்த ஆசான்களுள் ஒருவராக விளங்கினார். 1069இல் செங்தூ நகரில் அவருக்கு மெய்யாசிரியர் ஒருவரின் உபதேசம் கிடைத்தது. மரபுக் கணக்கின்படி அப்போது அவர் வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1075ஆம் ஆண்டு முன்னுரையுடன் அவர் இயற்றிய ‘வூஜென் பியென்’ என்னும் செய்யுள் நூல், ‘மெய்ம்மைக்கு விழித்தல்’ என்று பொருள்படும். அந்நூல் போதிக்கும் கலையே ‘நேய்தான்’ எனப்படும் அக ரசவாதம்.

வெளி உலையில் வெந்த உயிர்கள்

‘நேய்’ என்றால் உள்ளே என்று பொருள். ‘தான்’ என்னும் சீனச் சொல் சாதிலிங்கத்தைக் குறிக்கும். அதன் வழியே அமுத மருந்தையும் குறிக்கும். சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவந்த கனிமம். அதைச் சூடேற்றினால் வெள்ளி போல ஒளிரும் பாதரசம் பிரியும். அப்பாதரசத்தை மீண்டும் கந்தகத்தோடு கூட்டினால் சிவப்பு திரும்பும். இவ்வாறு மாறி மாறித் தன் நிலைக்குத் திரும்பும் ஒரு பொருளில் சாவைக் கடக்கும் மறை பொதிந்திருக்க வேண்டும் என்று பண்டைச் சீனர் எண்ணினர். காரீயம், பாதரசம், சாதிலிங்கம் முதலியவற்றை உலையிலிட்டுப் புடமிட்டு அமுதம் சமைக்க முற்பட்டனர். இது புற ரசவாதம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்னும் அறிஞர் தம் ‘பாவோபூஸி’ நூலில் இம்முறைகள் பலவற்றைத் தொகுத்து வைத்தார்.

சாகாமை வேண்டியோருள் முதன்மையானோர் அரசர்களே. சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதற் பேரரசர் சின் ஷி ஹுவாங், அமுத மூலிகை தேடிக் கடல் கடந்து கப்பல்களை அனுப்பினார். மூலிகை வரவில்லை; கி.மு. 210இல் அவரே மறைந்தார். அவருடைய சமாதிக்குள் பாதரசத்தால் ஆறுகள் அமைக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஸிமா சியென் எழுதியுள்ளார். பின்னர்த் தாங் மரபில், 9ஆம் நூற்றாண்டில் மட்டும் பேரரசர் சிலர் அமுதம் என்று நம்பி நஞ்சை உண்டு நலிந்தனர். 846இல் மறைந்த வூசோங் என்னும் பேரரசருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. நெடுநாள் வாழ உண்ட மருந்து, வாழ வேண்டிய நாளையும் சேர்த்துக் கொண்டு போயிற்று.

இத்தகைய அழிவுகளைக் கண்ட தாவோ ஞானியர் உள்முகமாகத் திரும்பினர். புறத்தே மூட்டிய உலை மெல்ல அணைந்தது. அதன் சொற்கள் மட்டும் எஞ்சின. காரீயம், பாதரசம், உலை, கலம், அனல் என்னும் அதே சொற்களைக் கொண்டு மனிதனுக்குள்ளே நிகழும் மாற்றத்தை அவர்கள் விளக்கலாயினர். ஆகவே அக ரசவாத நூலொன்றில் பாதரசத்தை எடு, காரீயத்தைச் சேர் என்று வந்தால், கடைக்குப் போய் வாங்கும் பொருளை அது குறிப்பதில்லை. இதை முதலிலேயே தெளிந்து கொள்வது இன்றியமையாதது. பாதரசம் உடலுக்கு நஞ்சு என்பதில் ஐயம் சிறிதும் வேண்டா.

மூன்று செல்வங்கள்

மனிதனிடம் மூன்று செல்வங்கள் உள்ளன என்பது இந்நெறியின் அடிப்படை. முதலாவது ‘ஜிங்’, அதாவது உடலின் மூலச் சாரம். இரண்டாவது ‘சி’, அதாவது உயிர்மூச்சாகிய பிராணன். மூன்றாவது ‘ஷென்’, அதாவது அறிவொளியாகிய ஆவி.

பூஜை அறையில் எரியும் அகல் விளக்கைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்ளலாம். அகலில் உள்ள எண்ணெய் ஜிங். எரியும் சுடர் சி. அறை முழுவதும் பரவும் ஒளி ஷென். எண்ணெய் வற்றினால் சுடர் தளரும்; சுடர் தளர்ந்தால் ஒளி மங்கும். அடங்காத ஆசை, ஓயாத கவலை, மிகுதியான பேச்சு, சினம் இவையெல்லாம் அகலில் விழுந்த ஓட்டைகள். எண்ணெய் கசிவதை மனிதன் அறிவதில்லை. ஒளி மங்கும்போதுதான் அறிகிறான்.

அக ரசவாதத்தின் பயணம் மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. சாரத்தைப் புடமிட்டுப் பிராணனாக்குவது முதற்படி. பிராணனைப் புடமிட்டு ஆவியாக்குவது இரண்டாம் படி. ஆவியைப் புடமிட்டு வெறுமையில் சேர்ப்பது மூன்றாம் படி. வெறுமை என்று இங்கே கூறப்படுவது, எல்லாப் பொருளும் தோன்றுவதற்கு முன் இருந்த, பெயரும் வடிவும் அற்ற தாவோவாகிய மூலப்பொருள். உலகம் தாவோவிலிருந்து கீழிறங்கிப் பலவாக விரிந்தது. சாதகன் அதே வழியில் ஏறி, பலவற்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்புகிறான். எனவேதான் இதனை ஓடும் ஆற்றை எதிர்த்து நீந்தும் கலை என்கின்றனர்.

இப்படிகளுக்கு முன்னே அடித்தளம் ஒன்று உண்டு. கசிந்த எண்ணெயை மீண்டும் நிரப்பும் பணி அது. மரபு அதற்கு நூறு நாட்கள் என்று கணக்குச் சொல்லும். அடுத்த படிக்குக் கருவைச் சுமக்கும் பத்து மாதம் என்றும், இறுதிப் படிக்குச் சுவரை நோக்கி அமர்ந்திருக்கும் ஒன்பது ஆண்டுகள் என்றும் கூறும். இவற்றை நாட்காட்டியில் குறித்துக் கொள்ளும் கெடுவாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு படியிலும் வேண்டிய பொறுமையின் அளவைக் காட்டும் குறிப்புகளாகவே கொள்ள வேண்டும்.

மூன்று வயல்களும் ஒரு வட்டமும்

உடலில் மூன்று இடங்கள் ‘தான்தியென்’ எனப்படும். அதன் நேர்ப்பொருள் சாதிலிங்க வயல். தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றின் உட்புறத்தில் அமைந்தது கீழ்வயல். நெஞ்சில் அமைந்தது நடுவயல். தலையினுள் அமைந்தது மேல்வயல். சாரம் கீழ்வயலிலும், பிராணன் நடுவயலிலும், ஆவி மேல்வயலிலும் விளைவதாகக் கூறுவர். வயல் என்ற சொல்லே பொருத்தமானது. உழுது, நீர் பாய்ச்சி, களை பறித்துக் காத்திருப்பவனுக்கே விளைச்சல் கிட்டும்.

முதுகுத் தண்டின் வழியே மேலேறும் நாடி ஒன்று. முன்புறமாகக் கீழிறங்கும் நாடி ஒன்று. தண்டின் அடியிலும், நடுமுதுகிலும், பிடரியிலும் மூன்று கணவாய்கள் உள்ளன. பிராணன் பின்புறமாக இம்மூன்றையும் கடந்து உச்சியை அடைந்து, முன்புறமாக இறங்கி மீண்டும் கீழ்வயலைச் சேர்கிறது. நாக்கின் நுனியை மேலண்ணத்தில் தொட்டு வைத்தால் இரு நாடிகளும் பாலம் போல இணைகின்றன. இவ்வட்டத்துக்குச் சிறிய வான்சுற்று என்று பெயர். கதிரும் திங்களும் வானில் சுற்றி வருவது போல, மனிதனாகிய சிறு உலகில் பிராணன் சுற்றி வருகிறது என்பது கருத்து.

குண்டலினி யோகத்தைப் பற்றிக் கேட்டறிந்த அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒப்புமை உடனே தோன்றும். மூலாதாரமும் சுழுமுனையும் சகஸ்ராரமும் நினைவுக்கு வரும். ஆயினும் வேறுபாடு ஒன்று கருதத்தக்கது. குண்டலினி யோகத்தில் சக்தி மேலேறிச் சகஸ்ராரத்தில் சிவத்தோடு கலப்பதே நோக்கம். தாவோ முறையிலோ உச்சியை அடைந்தது அங்கேயே தங்குவதில்லை. இறங்கி வந்து கீழ்வயலில் சேமிக்கப்பட வேண்டும். தலையிலேயே அனலைத் தேக்கி வைப்பது கேடு என்று அவ்வாசான்கள் எச்சரிக்கின்றனர்.

பெய்ஜிங் நகரில் வெண்முகில் கோயில் என்னும் பழமையான தாவோ ஆலயம் இருக்கிறது. அங்கே 1886இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஓவியம் ஒன்று, அமர்ந்திருக்கும் மனித உடலை முழுவதும் ஒரு நாடாகவே காட்டுகிறது. தலை, அடுக்கடுக்கான மலைத்தொடர். முதுகுத்தண்டு, கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் ஆறு. அதன் அடியில் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் நீரேற்றும் சக்கரத்தை மிதிக்கின்றனர். அடிவயிற்றில் ஒருவன் எருது பூட்டி நிலத்தை உழுகிறான். சிறுநீரகம் இருக்கும் இடத்தில் ஒரு பெண் நூல் நூற்றுக் கொண்டிருக்கிறாள். எழுதப் படிக்க அறியாதவரும் இவ்வோவியத்தின் முன் நின்றால், உடல் வெறும் சதைப்பிண்டம் அன்று, பேணி விளைவிக்க வேண்டிய நிலம் என்பதை உணர்வர்.

அடுப்பும் பானையும்

இக்கலையின் உள்ளீடு, நீரும் நெருப்பும் இடம் மாறுவது. நெஞ்சில் நெருப்பு, சிறுநீரகத்தில் நீர் என்பது சீன மருத்துவக் கொள்கை. நெருப்பின் இயல்பு மேலே எழுவது. நீரின் இயல்பு கீழே வடிவது. எனவே சாதாரண மனிதனிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. நெருப்பு மேலெழுந்து சினமாகவும் படபடப்பாகவும் உறக்கமின்மையாகவும் வெளிப்படுகிறது. நீர் கீழே வடிந்து சோர்வாகவும் அச்சமாகவும் முடிகிறது.

சமையலறையில் நிகழ்வது என்ன? அடுப்பு கீழே, பானை மேலே. நெருப்பின் மேல் நீர் இருப்பதாலேயே அரிசி வேகிறது. பானையைக் கீழே வைத்து நெருப்பை மேலே வைத்தால் ஒன்றும் வேகாது. அலையும் மனமாகிய நெருப்பைக் கீழே இறக்கி அடிவயிற்றில் அமர்த்துவதே அக ரசவாதத்தின் முதல் வேலை. அப்போது நீர் ஆவியாகி மேலெழும். அந்த ஆவியே சுற்றத் தொடங்கும் பிராணன்.

அனலின் அளவை அறிவதே ஆசான்கள் எளிதில் வெளியிடாத நுட்பம். மென்மையான அனல், வன்மையான அனல் என்று இருவகை கூறுவர். கவனமும் மூச்சுமே இங்கே அனல். கவனம் குன்றினால் உலை அவியும், மிகுந்தால் அடிப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே, மறவாமலும் முடுக்காமலும் இருக்கும்படி சீடனுக்கு அறிவுறுத்துவர்.

இக்கருத்து சீன ஞானி மெங்ஸியின் நூலிலிருந்து வந்தது. அவர் கூறும் கதையில் ஓர் உழவன் வருகிறான். தன் வயலின் நாற்று வளரவில்லையே என்று கவலையுற்ற அவன், ஒவ்வொரு நாற்றையும் சிறிது மேலே இழுத்து விட்டான். களைத்து வீடு திரும்பி, இன்று நாற்று வளர உதவி செய்தேன் என்று பெருமையோடு கூறினான். மகன் ஓடிப் போய்ப் பார்த்தபோது, நாற்றெல்லாம் வாடிக் கிடந்தன.

அரசன் கேட்டதும் துறவி சொன்னதும்

12ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் என்னும் ஞானி சுவான்ஜென் என்ற தாவோ சங்கத்தை நிறுவினார். அவர் ஜோங்நான் மலைச்சாரலில் தமக்குத் தாமே ஒரு புதைகுழி தோண்டி, அதற்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அமர்ந்து தவம் இயற்றியவர். மதுவும் காமமும் பொருளாசையும் சினமும் விட்டவரே இந்நெறிக்கு உரியவர் என்று வகுத்தார். தாவோ தே ஜிங் நூலோடு, பெற்றோரைப் பேணும் கடமையை உரைக்கும் நூலையும், பௌத்தரின் பிரஜ்ஞா பாரமிதா இருதய சூத்திரத்தையும் சீடர்கள் ஓத வேண்டும் என்றார். கண்ணை மூடி நிமிர்ந்து அமர்ந்துவிட்டால் அது தியானம் ஆகாது. நடக்கும்போதும் நிற்கும்போதும் படுக்கும்போதும் உள்ளம் மலை போல் அசையாதிருப்பதே தியானம் என்பது அவர் போதனையின் சாரம்.

அவருடைய தலைமைச் சீடர் எழுவருள் சுன் பூஅர் என்னும் பெண்மணியும் ஒருவர். மூன்று பிள்ளைகளை வளர்த்து இல்லறக் கடமை முடித்து, ஏறத்தாழ ஐம்பது வயதில் அவர் இந்நெறியில் புகுந்தார். இக்கலை இளமைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஜாங்கும் சுன் பூஅரும் சான்றாகின்றனர்.

எழுவருள் மற்றொருவர் சியூ சூஜி. அவருடைய புகழ் மங்கோலியப் பேரரசன் செங்கிஸ்கானின் செவிக்கு எட்டியது. முதுமை நெருங்கும் அச்சத்தில் இருந்த பேரரசன் அவரை அழைத்தான். எழுபதைக் கடந்த அத்துறவி, சீடர் பதினெண்மருடன் பாலையும் பனிமலையும் கடந்து, 1222இல் இந்துகுஷ் மலைப்பகுதியில் இருந்த அவன் பாசறையை அடைந்தார். நெடுந்தொலைவு வந்த தாங்கள் சாகாமை தரும் மருந்து எதைக் கொணர்ந்தீர்கள் என்று கேட்டான் பேரரசன். எத்தனையோ நாடுகளை அழித்தவன் முன் உண்மை கூறுவது உயிருக்கு அச்சம் தரும் செயல். சியூ தயங்கவில்லை. வாழ்வைப் பேணும் வழி உண்டு, சாகாமை தரும் மருந்து ஒன்றும் இல்லை என்றார்.

செங்கிஸ்கான் சினம் கொள்ளவில்லை. அவருடைய நேர்மையைப் பாராட்டினான். ஆசையைக் குறைத்தலும் கொலையைத் தவிர்த்தலும் பற்றித் துறவி கூறியவற்றைச் செவிமடுத்தான். இருவரும் 1227ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அத்துறவியின் சமாதி இன்றும் பெய்ஜிங் வெண்முகில் கோயிலில் வழிபடப்படுகிறது.

புதியவர் தொடங்கும் இடம்

ஆசான்கள் புதியவருக்குக் கூறுவன எளியவை. முதலில் ஒழுக்கம். காலத்தே உண்ணுதல், காலத்தே உறங்குதல், பேச்சைக் குறைத்தல், பிறருக்குச் செய்த தீங்கை ஒப்புக்கொண்டு இயன்றவரை ஈடு செய்தல்.

அடுத்து அமர்தல். அமைதியான இடத்தில், தரையிலோ நாற்காலியிலோ, முதுகு நிமிர்ந்து, தோள்கள் தளர்ந்திருக்க அமர வேண்டும். இமைகள் பாதி தாழ்ந்திருக்கட்டும். நாக்கின் நுனி மேலண்ணத்தை மெல்லத் தொடட்டும். மூச்சு நாசியின் வழியே இயல்பாக, தன் காதுக்கும் கேளாதபடி வந்து போகட்டும். அதை எண்ணவும் வேண்டா, அடக்கவும் வேண்டா. கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே மெல்ல வைத்திருந்தால் போதும். எண்ணம் அலைந்தால், கடிந்து கொள்ளாமல் மீண்டும் அங்கே அழைத்து வர வேண்டும். வாயில் ஊறும் உமிழ்நீரை மெதுவாக விழுங்க வேண்டும். முடிக்கும்போது உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, நிதானமாக எழ வேண்டும். தொடக்கத்தில் கால்மணி நேரமே மிகுதி.

பிராணனை முதுகில் ஏற்றுவதும் வட்டமாகச் சுழற்றுவதும் ஆசானின் நேர்ப்பார்வையின்றிச் செய்யத் தக்கவை அல்ல. முறை தவறியோருக்கு அனல் தடம் மாறி மனமும் உடலும் நிலைகுலையும் என்று சீன மரபு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர் மூச்சை அடக்கும் எப்பயிற்சியையும் தாமாக மேற்கொள்ளலாகாது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதும் கூடாது. மருத்துவம் அறிந்திருப்பதும் துறவியின் கடமைகளுள் ஒன்று என்றே வாங் சோங்யாங் வகுத்திருக்கிறார்.

பழனியில் ஒரு கண்ணி

பழனி மலைக்கோயிலில் தண்டாயுதபாணியைத் தரிசித்து வரும் அன்பர்கள் போகர் சந்நிதியிலும் வணங்கி வருவது வழக்கம். காலங்கிநாதரின் சீடரான போகர் சீன நாட்டோடு தொடர்புடையவர் என்பது சித்தர் மரபின் உறுதியான நம்பிக்கை. அவர் சீனரே என்பாரும், இங்கிருந்து அங்கே சென்றவர் என்பாரும் உளர். பாதரசத்தைக் கட்டுவதும், காயத்தைச் சித்தியாக்குவதும், மூச்சை உள்முகமாகத் திருப்புவதும் அங்கும் இங்கும் பேசப்பட்டன. மொழியும் தெய்வத் திருப்பெயரும் வேறாயினும், உடலைப் பழித்து ஒதுக்காமல் அதனையே தவத்தின் கருவியாகக் கொண்ட பார்வை இரு நாட்டு ஞானியருக்கும் பொதுவானது.

ஜாங் போதுவானின் நூலுக்கு நூற்றாண்டுகள் தோறும் உரைகள் எழுந்தன. காரீயம் எது, பாதரசம் எது என்று அறிஞர் வாதிட்டனர். ஆனால் அந்நூலைத் தந்தவரின் உலை முதலில் மூண்டது வேறோர் இடத்தில். உத்தரத்தில் அழுகிக் கிடந்த ஒரு மீனைக் கண்டு, குற்றம் தம்முடையதே என்று அவர் ஒப்புக்கொண்ட கணத்தில் அது மூண்டது. அப்பெண்ணின் உயிரை எந்த அமுதத்தாலும் அவரால் திருப்பித் தர இயலவில்லை. அதன்பின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் தம்மைப் புடமிடுவதற்கே அவர் செலவிட்டார்.

மாலையில் விளக்கேற்றிக் கண்மூடி அமரும் ஒவ்வொருவருக்கும் தம் வீட்டு உத்தரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கும் துணிவு வேண்டும். யார் மீதேனும் சுமத்திய பழி, கேளாமல் விட்ட மன்னிப்பு அங்கே இருக்குமாயின், அதனை இறக்கி வைத்த பின் அமரும் தியானமே கனியும்.